பொது மூக்குக்கண்ணாடி

ஒரு கொள்கையை மறுக்கப் புகுவோன், முதலில் அக்கொள்கையை அதனை உடையாரே கேட்டுத் தலையசைக்கும் வண்ணம் எடுத்துரைத்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் கைக்கொண்ட வாத தர்மம். அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக்கி, பிறர் மதங்களை முதற்கண் கூறி மறுத்த பின்னரே தம் மதத்தை நிறுவப் புகுந்தது இத்தர்மத்தை ஒட்டித்தான். சைவ சித்தாந்தத்துக்கும் நான் இங்கே பேசப்போகும் விஷயத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஒரு காரியாலயத்தில் பத்துப் பேரோ இருபது பேரோ பொதுவாகப் புழங்கும் டேட்டாபேஸ் ஒன்றில் செய்யப்படும் திருத்தங்களை அவர்கள் கைக்குக் கொண்டு சேர்ப்பது எங்ஙனம் என்ற, பார்வைக்கு மிக அற்பமான கேள்வியே என் விஷயம். ஆயினும் வாத தர்மம் அற்பத்துக்கும் பெரியதற்கும் ஒன்றேயாகையால், எதிர்க்கட்சியாரின் பக்கத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்னும் டேட்டாபேஸ் 1992-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதன்முதலாக வெளிவந்தது. அதற்குப் பின் எத்தனையோ புதிய சாதனங்கள் தோன்றி, அவற்றுட் பல மறைந்தும் விட்டன; ஆக்சஸ் மாத்திரம் சிறு காரியாலயங்களின் மூலைகளில், சந்தாதாரர் பட்டியலாகவும் சரக்கு இருப்புக் கணக்காகவும் சம்பளப் பட்டியலாகவும் இன்றளவும் உழைத்து வருகிறது. இவற்றை எழுதியவர் பெரும்பாலும் தொழில்முறைப் புரோகிராமர் அல்லர். கணக்குப் பிரிவிலோ ஸ்டோர்ஸ் பிரிவிலோ இருந்த ஒருவர், தம் தலைவேதனை தீர்வதற்காகத் தாமே கற்று, ஒரு டேபிளும் இரண்டு ஃபார்மும் செய்து, அது நன்றாயிருக்கிறதென்று பக்கத்து மேஜைக்காரர் கேட்க அவருக்கும் கொடுத்து, பிறகு பிரிவு முழுவதும் அதைப் பற்றிக்கொள்ள, ஒரு நாள் காலையில் காரியாலயத்தின் ஜீவநாடியைத் தாம் கையில் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு திகைத்தவரே ஆவார். அந்தத் திகைப்பின் வேளையில்தான் அவருக்கு இக்கொள்கை உபதேசிக்கப்படுகிறது.

“ஃபைலைச் சர்வரில் உள்ள பொது ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். எல்லாருடைய திரையிலும் அதற்கு ஒரு ஷார்ட்கட் போட்டுவிடுங்கள். எல்லாரும் அந்த ஒன்றையே திறக்கட்டும். நாளைக்கு நீங்கள் ஒரு ஃபார்மைத் திருத்தினால், ஓரிடத்தில் திருத்தியது எல்லாருக்கும் திருந்திவிடும். ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தீர்களானால் இருபது பிரதி. இருபதும் இருபது விதமாகும். ஒருவரிடம் பழையது இருக்கும், ஒருவரிடம் புதியது இருக்கும். எது சரியென்று யார் சொல்வது? ஒவ்வொரு மேஜையாகப் போய் யார் மாற்றுவது?”

இதுவே அவர்கள் பக்கம். இதனை நான் ஒரு சொல்லும் குறைத்துக் கூறவில்லை. இதனைக் கூறுவோர் அறிவிலிகளும் அல்லர். நல்ல நிர்வாகிகளும், கம்ப்யூட்டர் துறையில் பழுத்த சிலருங்கூட இக்கட்சியில் இருக்கின்றனர். ஒருமை என்ற சொல்லுக்கே மனத்தை ஈர்க்கும் ஒரு வசீகரம் உண்டு. இருபதை ஒன்றாக்குவதில் சிக்கனமும் ஒழுங்கும் ஒருங்கே தோற்றமளிக்கின்றன. அந்தத் தோற்றம் பொய் என்பதும், இக்கொள்கை தான் வாக்களிக்கும் சௌகரியத்தையே முதற்பலியாகக் கொள்கிறது என்பதும் என் கட்சி.

தவறு தொடங்கும் இடத்தை முதலிற் பார்ப்போம். ஓர் ஆக்சஸ் ஃபைலுக்குள் இரண்டு வேறு இனத்துப் பொருள்கள் குடியிருக்கின்றன. ஒன்று, டேபிள்களும் அவற்றுள் நிரம்பிய பதிவுகளும். மற்றொன்று, அப்பதிவுகளைக் காணவும் எழுதவும் அச்சிடவும் உதவுகின்ற ஃபார்ம், ரிப்போர்ட், கொயரி, இவற்றை இயக்கும் கோட் ஆகியவை. முன்னது காரியாலயத்தின் சொத்து. அது இரண்டாகுமானால் காரியாலயமே இரண்டுபடும். பின்னது அச்சொத்தைப் பார்ப்பதற்கான கருவி. பேரேடு பொதுவாயிருத்தல் வேண்டும் என்பதிலிருந்து, பேரேட்டைப் படிக்கும் மூக்குக்கண்ணாடியும் பொதுவாயிருத்தல் வேண்டும் என்பது எங்ஙனம் பெறப்படும்? ஒரு பிரிவிலுள்ள இருபது குமாஸ்தாக்களுக்கும் சேர்த்து ஒரே கண்ணாடியை மேஜை நடுவில் வைத்து, “பவரை மாற்றுவதானால் ஒரே இடத்தில் மாற்றிவிடலாம், எவ்வளவு சௌகரியம்!” என்று ஒரு சூப்பரின்டெண்டென்ட் கூறுவாராயின் நாம் சிரிப்போம். முழு ஃபைலையும் பொது ஃபோல்டரில் வைத்து அதையே எல்லாரையும் திறக்கச் சொல்வதும் அந்தக் கண்ணாடிதான். மூக்கின்மேல் தெரியாததால் நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

இவ்விரண்டையும் பிரித்து வைத்தல் வேண்டும் என்பது என் சொந்தக் கற்பனையன்று. ஆக்சஸை இயற்றிய கம்பெனியே, ஒரு ஃபைலை இரண்டாகப் பிரித்துத் தரும் ‘டேட்டாபேஸ் ஸ்ப்ளிட்டர்’ என்னும் சாதனத்தை அதனுள்ளே வைத்திருக்கிறது. டேபிள்கள் உள்ள பகுதியைப் ‘பேக் எண்ட்’ என்றும், ஏனையவை உள்ள பகுதியை ‘ஃபிரண்ட் எண்ட்’ என்றும் இத்தொழிலில் உள்ளோர் வழங்குவர். பேக் எண்ட் சர்வரில் ஒன்றே ஒன்று. ஃபிரண்ட் எண்ட் அவரவர் கம்ப்யூட்டரில் அவரவர்க்கு ஒன்று. இதிலிருந்து அதிலுள்ள டேபிள்களுக்கு இணைப்பு. இவ்வளவே ஏற்பாடு. ஆனால் ஸ்ப்ளிட்டரைக் கொண்டு முறைப்படி பிரித்த பின்னும், ஃபிரண்ட் எண்டையும் அதே ஃபோல்டரில் வைத்து எல்லாரையும் அந்த ஒரு பிரதியையே திறக்கச் செய்யும் காரியாலயங்கள் பல. வைத்தியரைப் பார்த்து, மருந்தையும் விலைகொடுத்து வாங்கி, சீசாவை அலமாரியில் வைத்துப் பூட்டியவர்களை இவர்களுக்கு உவமை கூறலாம்.

“சர்வரில்தானே இருக்கிறது; சர்வர் பார்த்துக்கொள்ளும்” என்பது இவர்களுடைய அடுத்த நம்பிக்கை. இங்கே சர்வர் என்ற சொல்லே மயக்கம் தருகிறது. எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள் முதலிய டேட்டாபேஸ்களில், சர்வரில் ஒரு புரோகிராம் விழித்திருந்து, நாம் கேட்பதைக் கேட்டு, தானே தேடி, விடையை மாத்திரம் அனுப்பிவைக்கும். ஆக்சஸில் அத்தகைய ஆள் எவரும் அங்கே இல்லை. சர்வர் வெறும் பீரோ. தேடுவதும் எழுதுவதும் பூட்டுவதும் திறப்பதும் ஆகிய சகல காரியங்களையும் ஒவ்வொருவருடைய கம்ப்யூட்டரிலும் ஓடும் என்ஜினே செய்கிறது. அது 4 கிலோபைட் அளவுள்ள பக்கம் பக்கமாக நெட்வொர்க் வழியே எடுத்துப் பார்த்து, எழுதி, திரும்ப வைக்கிறது. யார் எதை வைத்திருக்கிறார்கள் என்பதை அறிய, ஃபைலின் பக்கத்திலேயே ஒரு சிறு பூட்டு ஃபைல் தோன்றி மறையும். ஒரு பக்கத்தை எழுதும் தருணத்தில் யாரோ ஒருவர் கால் பட்டுக் கேபிள் கழன்றாலும், பாதி எழுதியது பாதியாக நின்று, ஃபைல் முழுவதும் சந்தேகத்துக்குரியதாகிவிடக்கூடும். கருவியும் அதே பீரோவில் கிடந்து, ஃபார்மைத் திறக்கும்போதெல்லாம் அதுவும் அதே பாதையில் இழுத்துவரப்படுமானால், பாதையில் நெரிசலும் மிகுகிறது, பழுதுக்கு வழியும் மிகுகிறது. அன்றியும், ரிப்போர்ட் தயாரிக்கும்போது இடைக்கணக்குக்காக ஒரு தற்காலிக டேபிளை நிரப்பிப் பின் காலி செய்யும் வழக்கம் எங்கும் உண்டு. அந்த டேபிள் பொதுப் பிரதியில் இருக்குமாயின், மாதக் கடைசியில் இருவர் ஒரே வேளையில் ரிப்போர்ட் எடுக்க, ஒருவர் கணக்கில் மற்றவர் வரிகள் கலந்து வரும். இதனைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் பிடிக்கும். கண்டுபிடித்தவரும் கூட்டல் பிழை என்றே முதலில் எண்ணுவார்.

இனி, இக்கொள்கையின் மகுடமாகிய “ஓரிடத்தில் திருத்தினால் போதும்” என்ற வாக்குறுதியை எடுத்துக்கொள்வோம். ஆக்சஸ் 2000 வெளிவந்த நாள்தொட்டு, ஃபைலில் உள்ள கோட் முழுவதும் ஒரே கட்டாகச் சேமிக்கப்படுவதால், ஒரு ஃபார்மையோ ரிப்போர்ட்டையோ திருத்திச் சேமிக்க வேண்டுமெனில் அந்த ஃபைலை வேறு எவரும் திறந்திருத்தல் கூடாது. ஓரிடத்தில் திருத்தலாம், ஆனால் அந்த ஓரிடத்தை விட்டு எல்லாரும் எழுந்துபோக வேண்டும்.

நான் அறிந்த ஒரு காரியாலயத்தில், மாதக் கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு ஒரு ரிப்போர்ட்டில் பிழை தெரிந்தது. இரண்டாம் பக்கத்தில் கூட்டுத்தொகை விடுபட்டுப் போயிருந்தது. திருத்துவதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

“தம்பி, ஓரிடத்தில் திருத்தினால் எல்லாருக்கும் திருந்திவிடும் என்றுதானே ஏற்பாடு? திருத்திவிடுங்கள்” என்றார் சூப்பரின்டெண்டென்ட்.

“திருத்திவிடலாம், ஐயா. எல்லாரும் ஒரு ஐந்து நிமிஷம் மூடிவிட்டு வெளியே வரவேண்டும்” என்றார் அதைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்.

பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் மூடினார்கள். ஒருவர் திரையைப் பூட்டிவிட்டு பேங்குக்குப் போயிருந்தார். மற்றொருவர் யாரென்றே தெரியவில்லை. பூட்டு ஃபைலில் ஒரு கம்ப்யூட்டரின் பெயர் மாத்திரம் இருந்தது, அந்தப் பெயருடைய கம்ப்யூட்டர் எந்த மேஜையில் இருக்கிறதென்பது எவருக்கும் நினைவில்லை. முக்கால் மணி நேரம் தேடிப் பார்த்துவிட்டு, சர்வரிலிருந்தே இருவர் இணைப்பையும் வலிந்து துண்டித்தார்கள். பேங்குக்குப் போனவர் பாதி எழுதி வைத்திருந்த வவுச்சர் அதோடு போயிற்று. அவர் திரும்பி வந்து, எழுதினோமா இல்லையா என்று ஐயுற்று, சில்லறைச் செலவு வவுச்சர் ஒன்றை இருமுறை எழுதினார். ஐந்து நிமிஷத் திருத்தத்துக்குப் பதினெட்டுப் பேரின் ஒரு மணி நேரமும், அடுத்த மாதத்தில் ஒரு நாள் முழுதும் நீடித்த கணக்குச் சரிபார்ப்பும் விலையாயின. இதற்குப் பெயர்தான் சௌகரியம்.

இப்படி ஓரிரு முறை அடிபட்ட பிறகு அந்த இளைஞர் என்ன செய்வார்? திருத்தங்களைச் சேர்த்து வைப்பார். இன்று தெரிந்த பிழையை இந்த வாரம் தொடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை எவரும் இல்லாதபோது வந்து, ஒரு மாதத்துப் பிழைகளை ஒரே மூச்சில் திருத்துவார். திங்கட்கிழமை ஏதேனும் கெட்டால், முப்பது திருத்தங்களில் எது கெடுத்தது என்று அவருக்கே தெரியாது. திருத்துவது கடினமாகும்போது பிழைகள் நீடிக்கின்றன. பிழைகள் நீடிக்கும்போது, ஃபார்ம் தவறு என்று தெரிந்தே ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு வேலை செய்ய ஜனங்கள் பழகிப்போகின்றனர். பொதுக் கண்ணாடியின் மெய்யான விலை இதுவே.

எதிர்க்கட்சியாரின் வாதங்களுள் வலிவுடையது, பிரதிகள் பெருகினால் பேதங்கள் பெருகும் என்பதாகும். தமிழ் படித்தவன் எவனும் இதை எளிதில் தள்ளிவிட இயலாது. ஏனெனில் நம்முடைய இலக்கியம் முழுவதும் நூற்றாண்டுகளாக ஏடு பெயர்த்தெழுதுவோர் கையில் வாழ்ந்து, பாடபேதம் என்னும் நோயால் நலிந்து வந்தது. 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஊர் ஊராகத் தேடிய ஏடுகளை ஒப்புநோக்கி மெய்ப்பாடம் காண்பதற்குப் பட்ட பாட்டை நாம் அறிவோம். ஆனால் அந்த நோய்க்குக் காரணம் யாது? பிரதிகள் பலவாயிருந்தமை அன்று. ஒரு பிரதியைப் பார்த்து மற்றொரு பிரதியும், அதைப் பார்த்து வேறொன்றுமாக எழுதிக்கொண்டு போனமையும், மூல ஏடு இன்னதென்று சுட்டிக்காட்ட ஒன்று எஞ்சாமையும், கையிலிருக்கும் ஏடு எந்த ஏட்டின் வழித்தோன்றல் என்பதற்கு அடையாளம் இல்லாமையுமே காரணம். மூல ஏடு ஓரிடத்தில் பத்திரமாயிருந்து, ஒவ்வொரு நாட்காலையிலும் ஒவ்வொருவரும் அதிலிருந்தே புதிதாகப் பெயர்த்துக்கொள்வாராயின், பிரதி இருபதானாலும் இருநூறானாலும் பாடம் ஒன்றே. பழங்காலத்தில் அதற்கு ஒரு மாதம் எழுத வேண்டும். கம்ப்யூட்டருக்குச் சில விநாடி போதும்.

அந்த ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மேஜை மேஜையாக அலைவது யார் என்ற வாதத்துக்கும் அதுவே விடையாகும். மூலப் பிரதியைச் சர்வரில் ஒரு தனி ஃபோல்டரில், எவரும் அதில் எழுத இயலாதபடி வைக்க வேண்டும். ஒவ்வொருவர் திரையிலும் உள்ள ஷார்ட்கட், டேட்டாபேஸைத் திறவாமல், சில வரிகளே உள்ள ஒரு பேட்ச் ஃபைலைத் திறக்க வேண்டும். அது மூலப் பிரதியை அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டருக்குப் பெயர்த்துக்கொண்டு, அந்தப் புதுப் பிரதியைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கிவிடும். அந்த ஃபோல்டரை நம்பத்தக்க இடமாக ஆக்சஸில் ஒரு முறை குறித்துவிட்டால், எச்சரிக்கைகள் எழுந்து தொல்லை தரா. ஃபார்மின் உள்ளமைப்பை எவரும் கலைக்காதிருக்க, கோட் முழுவதையும் மூடி முத்திரையிட்ட வடிவில் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பவர், 32 பிட் ஆஃபீஸில் முத்திரையிட்டது 64 பிட் ஆஃபீஸில் திறக்காது என்பதை மட்டும் மறத்தல் கூடாது. மேஜை மேஜையாகப் போவது வாழ்நாளில் ஒரே முறை, ஷார்ட்கட் போடுவதற்காக. அதன் பின் அப்டேட் என்பது, திருத்திய ஃபைலை மூலப் பிரதியின் இடத்தில் வைப்பதே. எவரையும் எழுப்ப வேண்டியதில்லை. மூலப் பிரதியை எவரும் திறந்து வைத்திருப்பதில்லையாகையால், நண்பகலிலும் அதை மாற்றலாம். அடுத்து யார் திறக்கிறாரோ அவருக்குப் புதியது கிடைக்கும்.

“அப்படியானால் காலையிலிருந்து மூடாமல் வைத்திருப்பவர்?” என்று கேட்பர். நல்ல கேள்வி. இதற்காகவே வாயிற்காவல் ஒன்று வேண்டும். ஃபிரண்ட் எண்டில் தன் வெர்ஷன் எண்ணைக் குறிக்கும் ஒரு வரி. பேக் எண்டில், வேண்டப்படும் வெர்ஷன் எண்ணைக் குறிக்கும் ஒரு வரி. திறக்கும்போதும், பிறகு சில நிமிஷத்துக்கு ஒரு முறையும், இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று ஃபார்ம் தானே பார்த்துக்கொள்ளும். ஒவ்வாவிடில், “புதிய வெர்ஷன் வந்திருக்கிறது, கையிலுள்ள பதிவை முடித்துவிட்டு ஒரு முறை மூடித் திறக்கவும்” என்று மரியாதையாகச் சொல்லும். பொதுப் பிரதியில் இருந்தவரைத் துண்டிக்க வேண்டியிருந்தது. தனிப் பிரதியில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வாயிற்காவல் இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. எதிர்க்கட்சியார் அதனைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்காட்டுவதால், நான் அதனைத் தவிர்க்காமல் எதிர்கொள்கிறேன். 2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி, நைட் கேப்பிட்டல் என்னும் அமெரிக்கப் பங்கு வர்த்தகக் கம்பெனி, தன் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய கோட் ஏறியிருக்க, எட்டாவது சர்வரில் பழைய கோட் எஞ்சியிருக்கும் நிலையில் வியாபாரத்தைத் தொடங்கிற்று. அந்த எட்டாவது சர்வர், வழக்கொழிந்த ஒரு பழைய பகுதியை உயிர்ப்பித்து ஆர்டர்களைக் கொட்டத் தொடங்க, 45 நிமிஷத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டமாயிற்று. போதாக்குறைக்கு, நிலைமையைச் சீர்செய்யப் புகுந்தவர்கள் சரியாயிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோடை நீக்கி, அவற்றையும் எட்டாவதன் வழிக்கே கொண்டுவந்தனர். “பார்த்தீர்களா, பிரதி பலவானால் இப்படித்தான்” என்பர். ஆனால் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் விசாரித்துக் கண்ட குறை, சர்வர் எட்டாக இருந்தமை அன்று. எட்டிலும் ஏறிற்றா என்று இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்கவில்லை, சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து மூலமான விதியும் அக்கம்பெனியில் இல்லை என்பதே. சந்தை திறப்பதற்கு முன்பே பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்கள் கம்பெனியின் சொந்த சிஸ்டத்திலிருந்து சென்றிருந்தன. அவற்றையும் எவரும் பொருட்படுத்தவில்லை. இரண்டு எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் ஒரு ஃபார்ம், எவரும் படியாத 97 மின்னஞ்சல்களைவிட மேலானது. ஏனெனில் அது கதவைத் திறவாது.

இனி, எதிர்க்கட்சியிலிருந்து பிரிந்து மறுகோடிக்குச் சென்ற ஒரு சாராரையும் கண்டித்தே ஆக வேண்டும். “ஆளுக்கொரு பிரதி என்பதை ஒப்புகிறோம், ஆனால் புதிய வெர்ஷன் தயாரானதும் எல்லாருக்கும் அக்கணமே தள்ளிவிடுங்கள், கேட்பானேன், காத்திருப்பானேன்?” என்பது இவர்கள் கட்சி. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்புக் கம்பெனி இதைத்தான் செய்தது. தன் சாஃப்ட்வேரின் துணை ஃபைல் ஒன்றை உலகெங்கும் ஒரே வீச்சில் அனுப்பிற்று. அதில் இருந்த ஒரு பிழையால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோடு படுத்துவிட்டன. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரி வேலைகள் தடைப்பட்டன. கம்பெனி 78 நிமிஷத்தில் அந்த ஃபைலைத் திரும்பப் பெற்றது. அதற்குள் படுத்தவை படுத்தவையே. அவற்றுட் பலவற்றை ஓர் ஆள் நேரில் சென்று எழுப்ப வேண்டியிருந்தது. முதலில் சிலருக்கு, பிறகு பலருக்கு என்று படிப்படியாக அனுப்பும் முறையை அவ்வகை ஃபைல்களுக்கும் கைக்கொள்வதாக அக்கம்பெனி அதன் பின்னரே அறிவித்தது. இருபது பேர் உள்ள காரியாலயத்துக்கு இந்தப் பாடம் இன்னும் எளிது. பொறுமையுள்ள இருவருக்கு ஒரு நாள் முன்னதாகப் புதிய வெர்ஷனைக் கொடுத்துப் பார்ப்பதும், பழைய மூலப் பிரதியை அழிக்காமல் தேதியிட்டு வைத்துக்கொள்வதுமாகிய இரண்டே காரியங்கள். பொதுப் பிரதி வைத்திருப்பவருக்கோ இவற்றுள் முதலாவது சாத்தியமே இல்லை. இருபது பேரும் ஒருங்கே பரிசோதனைக்கு உள்ளாவதைத் தவிர அவருக்கு வேறு வழி கிடையாது.

கருவியை மாற்றுவது இத்துணை எளிதாயினும், பேரேட்டையே மாற்ற வேண்டி வருங்கால் என் கட்சிக்கும் ஒரு சங்கடம் உண்டென்பதை ஒளிக்கமாட்டேன். 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ஜிஎஸ்டி வந்தபோது, இந்தியாவில் பில் போடும் டேட்டாபேஸ் எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை நேர்ந்தது. வாட் வரி என்றிருந்த ஒரு பத்தியின் இடத்தில் மத்திய வரி, மாநில வரி, மாநிலங்களுக்கிடையிலான வரி என்னும் பத்திகள் வேண்டியிருந்தன. டேபிளை முதலில் மாற்றினால் பழைய ஃபிரண்ட் எண்ட் தடுமாறும். ஃபிரண்ட் எண்டை முதலில் மாற்றினால் அது இல்லாத பத்தியைத் தேடும். இதற்கு வழி, வரிசையில் இருக்கிறது. முதலில் புதிய பத்திகளைச் சேர்த்து, பழையதைத் தொடாமல் விட வேண்டும். பழைய ஃபிரண்ட் எண்டுகள், தமக்குத் தெரியாத பத்தியைப் பாராமல் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பிறகு புதிய ஃபிரண்ட் எண்ட் எல்லாரிடமும் சேர வேண்டும். எவரிடமும் பழையது இல்லையென்று வாயிற்காவல் உறுதி கூறிய பிறகே, வேண்டாத பத்தியை நீக்குவது பற்றி யோசிக்கலாம். பழைய பில்களுக்காக அதை நீக்காமலே விடுவது இன்னும் நலம். வரி விகிதத்தைக் கோடுக்குள் எழுதிவைக்காமல் ஒரு டேபிளில் வைத்திருந்தவருக்கு, பின்னர் விகிதம் மாறும்போதெல்லாம் அப்டேட்டே தேவைப்படுவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அனுப்ப வேண்டியிராத அப்டேட்டே அப்டேட்டுகளுள் உத்தமம்.

“இவ்வளவு தொல்லை எதற்கு? எல்லாவற்றையும் பிரவுசரில் ஓடும்படி மாற்றிவிட்டால் விநியோகம் என்ற பிரச்னையே ஒழிந்துவிடும்” என்று நவீனர் கூறுவர். பல ஊர்களில் இருப்போர் ஒரு டேட்டாபேஸைப் புழங்க வேண்டுமாயின் அது சரியான யோசனையே; தொலைதூர இணைப்பில் ஆக்சஸ் ஃபைலைத் திறப்பது ஆபத்து என்பதை நானும் ஒப்புவேன். ஆனால் விநியோகம் ஒழிந்துவிடும் என்பது பிரமை. பிரவுசரில் நாம் காணும் பக்கமும் நம் கம்ப்யூட்டருக்கு இறங்கிவந்த ஒரு பிரதிதான். அதை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டும் அவ்வாறே. காலையில் திறந்த டேப் மாலைவரை பழைய கோடையே ஓட்டிக்கொண்டிருக்கும். சர்வரில் புதியது ஏறிவிட்டிருக்க, இரண்டும் ஒவ்வாமல் முட்டிக்கொள்ளும். “புதிய வெர்ஷன் வந்துள்ளது, பக்கத்தைப் புதுப்பிக்கவும்” என்று இன்றைய இணையதளங்கள் நம்மைக் கேட்டுக்கொள்வதை யார்தான் கண்டதில்லை? நான் மேலே சொன்ன வாயிற்காவல்தான் அது. ஆக, ஒருமையின் சிகரமென்று அவர்கள் கருதும் இடத்திலேயே, ஆளுக்கொரு பிரதியும், மூல ஏடும், வெர்ஷன் ஒப்பீடும் வீற்றிருக்கின்றன.

கடைசியாக, “நாங்கள் பல வருஷமாகப் பொதுப் பிரதியில்தான் ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை” என்பது ஒரு வாதம். நாம் திருத்தினால்தான் திருத்தம் வரும் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி ஆஃபீஸுக்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட்டால், ஒரு டேபிளை நேரே திருத்தும் சாதாரண கொயரிகள் ஆக்சஸில் 3340 என்ற பிழை எண்ணோடு, கொயரி பழுதுபட்டுவிட்டதென்ற செய்தியோடு நின்றுபோயின. கொயரியில் யாதொரு பழுதும் இல்லை. எழுதினவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது வந்த வினை அது. நிவாரணம் வெர்ஷன் வெர்ஷனாக வந்து சேரும்வரை ஓர் உபாயம் இருந்தது: டேபிளை நேரே திருத்தாமல், அதை அப்படியே காட்டும் வேறொரு கொயரியின் வழியாகத் திருத்துவது. அதாவது ஃபிரண்ட் எண்டில் பல இடங்களில் கை வைத்து, அன்றைக்கே எல்லாருக்கும் கொடுத்தாக வேண்டும். மூலப் பிரதியும் பேட்ச் ஃபைலும் உடையவர் திருத்தத் திருத்த மூலப் பிரதியை மாற்றிவைத்து, அன்றைய வேலையை ஓட்டியிருக்க முடியும். பொதுப் பிரதி உடையவரோ ஒவ்வொரு திருத்தத்துக்கும் மேஜை மேஜையாகச் சென்று, “கொஞ்சம் மூடுங்கள் சார்” என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவரே.

மேலே நான் கூறிய காரியாலயத்திலும் நெடுநாள் வாதாடியபின் இந்த ஏற்பாடு வந்தது. ஃபைலைப் பிரித்தார்கள், ஒரு சனிக்கிழமை பதினெட்டு மேஜையிலும் ஷார்ட்கட்டை மாற்றினார்கள். சில மாதம் கழித்து, சரக்கு வரவு ஃபார்மில் ஒரு பெரிய மாறுதல் வேண்டியிருந்தது. சூப்பரின்டெண்டென்ட் பழைய அனுபவத்தை மறவாதவர். எந்த நாளில் எல்லாரையும் எழுப்புவது என்று நாட்காட்டியைப் புரட்டி வைத்துக்கொண்டு, இளைஞரைக் கூப்பிட்டனுப்பினார்.

“தம்பி, அந்த அப்டேட்டை என்றைக்குப் போடுவதாக உத்தேசம்?”

“நேற்று மத்தியானமே போட்டாயிற்று, ஐயா. இன்று காலையில் நீங்கள் திறந்தது புதியதுதான்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார்.